அலையைப் பார்க்க எத்தனை ஆயிரம்?

ரோபோ போட்டிக்குத் தயாராகும் எந்த மாணவர் குழுவை விசாரித்தாலும் இந்தக் கதை கிடைக்கும். வண்டி மேஜை மேல் இருக்கும்வரை ஒழுங்காக வேலை செய்கிறது. தரையில் இறக்கி மோட்டாரை முடுக்கியதும் புரோகிராம் நின்றுபோய் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. புரோகிராமைத் திருத்துகிறார்கள். ஒயர்களை மாற்றுகிறார்கள். போர்டே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி இன்னொன்று வாங்குகிறார்கள். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 5 வோல்ட், அசையாமல் நிற்கிறது.

மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. அதற்கு வேகம் போதாது, அவ்வளவுதான். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் விநாடிக்கு இரண்டு, மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கிறது. மோட்டாரோ கிளம்பும் கணத்தில், சீராக ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கிறது. பேட்டரியும் மெல்லிய ஒயர்களும் ஈடுகொடுக்க முடியாமல், 5 வோல்ட் சில மில்லி விநாடிகளுக்குச் சரிந்துவிட்டு மறுபடி எழுகிறது. ஆர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கும் சிப், மின்னழுத்தம் சுமார் 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் நடந்து முடிந்துவிடும் இந்த விபத்தைப் பிடித்து நிறுத்திக் காட்ட ஆசிலாஸ்கோப் வேண்டும்.

மின்னழுத்தம் நேரத்துக்கு நேரம் எப்படி மாறுகிறது என்பதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி இது. 1897-இல் ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கிய கேதோட் கதிர்க் குழாயிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. டி.வி.யின் பழைய படக்குழாய்க்கும் அதுவே மூதாதை. நம் நாட்டில் பல பத்தாண்டுகளுக்கு இது கல்லூரி லேபின் சொத்தாகவே இருந்தது. ஒரு கருவியைச் சுற்றி ஐந்தாறு மாணவர்கள் நிற்பார்கள். ஒருவர் குமிழைத் திருப்ப, மற்றவர்கள் நோட்டில் படம் வரைவார்கள். வீட்டில் ஒன்று வைத்துக்கொள்வது பற்றி யாரும் யோசித்ததில்லை.

இன்று நிலைமை வேறு. சில ஆயிரம் ரூபாயிலிருந்தே ஏதோ ஒன்று கிடைக்கிறது. 'ஏதோ ஒன்று' என்பதில்தான் சிக்கல். இரண்டாம் ஆண்டு இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளை நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு கருவியைக் காட்டி, இது இல்லாமல் முடியாது என்கிறான். அது ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஒரு மாதச் சம்பளமாகவே இருக்கலாம். இது அவசியமா, ஆடம்பரமா என்று பெற்றோருக்குத் தெரியவில்லை. கடைக்காரர் சொல்வதோ மெகாஹெர்ட்ஸ் கணக்கு மட்டும். விஷயம் அந்தக் கணக்கோடு முடிவதில்லை.

எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

கருவியைத் தேடுவதற்கு முன் ரோபோவைப் பாருங்கள். அதில் ஓடும் சிக்னல்களில் பல நிதானமானவை. சர்வோ மோட்டாருக்கு 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை, ஒன்று முதல் இரண்டு மில்லி விநாடி நீளமுள்ள துடிப்பு போகிறது. ஆர்டுயினோ ஊனோ மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்த அனுப்பும் பி.டபிள்யூ.எம். அலை, பெரும்பாலான பின்களில் விநாடிக்கு சுமார் 490 முறை. நல்ல மோட்டார் டிரைவர்களில் 20 கிலோஹெர்ட்ஸ். சென்சார்கள் பேசும் ஐ-ஸ்கொயர்-சி இணைப்பு 100 அல்லது 400 கிலோஹெர்ட்ஸ். மெமரி கார்டு, சிறிய டிஸ்ப்ளே ஆகியவற்றுக்கான எஸ்.பி.ஐ. இணைப்புதான் சில மெகாஹெர்ட்ஸைத் தொடும். ஊனோவின் கிரிஸ்டல் 16 மெகாஹெர்ட்ஸ். மாணவர் ரோபோவில் இதைத் தாண்டிப் பார்க்க வேண்டிய தேவை அபூர்வம்.

இனி கருவியின் பேண்ட்வித். 100 மெகாஹெர்ட்ஸ் கருவி என்றால் 100 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாம் சரியாகத் தெரியும் என்று அர்த்தமில்லை. அந்த எல்லையில் சைன் அலையின் உயரம் உண்மையில் உள்ளதில் 70 சதவீதமாகக் குறைந்துதான் தெரியும். டிஜிட்டல் சதுர அலைக்கு இன்னும் கூடுதல் இடம் வேண்டும். அதன் கூர்மையான விளிம்புகள், அடிப்படை வேகத்தின் 3 மடங்கு, 5 மடங்கு என்று உயர்ந்துகொண்டே போகும் அலைகளால் ஆனவை. பார்க்க வேண்டிய வேகத்தைப் போல 5 மடங்கு பேண்ட்வித் என்பது நடைமுறைக் கணக்கு. 4 மெகாஹெர்ட்ஸ் எஸ்.பி.ஐ.க்கு 20 போதும். 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைச் சதுரமாகப் பார்க்க 80 வேண்டும். ஆகவே 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் உள்ள கருவி மாணவருக்குத் தாராளம். 200-க்குப் பணம் கொடுப்பது வீண்.

அடுத்தது சாம்பிள் வேகம். டிஜிட்டல் கருவி அலையைத் தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை. விநாடிக்கு இத்தனை கோடி முறை என்று அளந்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடாக்குகிறது. பேண்ட்வித்தைப் போல நான்கைந்து மடங்காவது சாம்பிள் வேகம் இருக்க வேண்டும். 100 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு விநாடிக்கு 50 கோடி சாம்பிள். விளம்பரத்தில் விநாடிக்கு 100 கோடி என்று போட்டிருக்கும். பல கருவிகளில் அது ஒரே ஒரு சேனல் ஓடும்போது. நான்கையும் திறந்தால் ஆளுக்கு 25 கோடி என்று பங்கு பிரிந்துவிடும். "எல்லா சேனலும் ஓடும்போது எவ்வளவு?" என்று கேட்டு வாங்குங்கள்.

மெமரியை மறக்காதீர்கள்

கடையில் யாரும் வலியச் சொல்லாத, ஆனால் ரோபோக்காரருக்கு மிகவும் தேவையான எண் ஒன்று இருக்கிறது. ஒரே மூச்சில் எத்தனை புள்ளிகளைப் பதிந்து வைக்க முடியும் என்ற மெமரிக் கணக்கு அது.

ஓர் உதாரணம். தடையைக் கண்டுபிடிக்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 அல்ட்ராசானிக் சென்சார் ஏறக்குறைய எல்லா மாணவர் ரோபோக்களிலும் இருக்கிறது. அதற்கு 10 மைக்ரோ விநாடித் துடிப்பு ஒன்றைக் கொடுத்துக் கிளப்ப வேண்டும். எதிரொலி கிடைக்காவிட்டால் அது சுமார் 38 மில்லி விநாடி வரை காத்திருக்கும். கிளப்பியதிலிருந்து முடிவுவரை ஒரே படத்தில் பார்க்க 40 மில்லி விநாடி பதிய வேண்டும். உங்கள் கருவியில் 1,000 புள்ளிதான் இடம் என்றால், ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே 40 மைக்ரோ விநாடி. 10 மைக்ரோ விநாடித் துடிப்பு அந்த இடைவெளியில் விழுந்து காணாமல் போய்விடலாம். சென்சாருக்குத் துடிப்பே போகவில்லை என்று நினைத்து நல்ல புரோகிராமைப் பிரித்துப் போடுவீர்கள். ஒரு லட்சம் புள்ளி இடமிருந்தால் இடைவெளி 0.4 மைக்ரோ விநாடி. துடிப்பின் மேலேயே 25 புள்ளிகள் விழும். இந்த இரண்டு கருவிகளுக்கும் மெகாஹெர்ட்ஸ் ஒன்றாகவே இருக்கலாம்.

மெமரிக்கு இணையாக முக்கியமானது ட்ரிக்கர். எந்தக் கணத்திலிருந்து படம் பிடிக்க வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் ஏற்பாடு இது. மோட்டார் கிளம்பும்போது 5 வோல்ட் சரிவதைப் பிடிக்க, 'மின்னழுத்தம் 4.5-க்குக் கீழே இறங்கும்போது ஒரே ஒரு முறை பிடி' என்று வைத்துவிட்டு மோட்டாரை முடுக்க வேண்டும். சரிவு நேர்ந்த கணம் திரையில் உறைந்து நிற்கும். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதும் கூடவே இருக்கும். எத்தனை ஆழம், எத்தனை நேரம் என்று அளந்துவிட்டால் மருந்தும் தெரிந்துவிடும். மோட்டாருக்குத் தனி பேட்டரி, தடித்த ஒயர், போர்டின் அருகே பெரிய கெபாசிட்டர். இவற்றின் செலவு சில நூறு ரூபாய்.

கடைசியாக பிட் கணக்கு. 8 பிட் கருவி திரையின் உயரத்தை 256 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு கட்டத்துக்கு 1 வோல்ட் என்று வைத்தால், எட்டுக் கட்டத் திரையில் ஒரு படி சுமார் 31 மில்லி வோல்ட். 12 பிட் கருவியில் 4,096 படி, ஆகவே 2 மில்லி வோல்ட். 2023-இல் ரிகால் நிறுவனம் டி.எச்.ஓ.800 வரிசையைக் கொண்டுவந்த பிறகு 12 பிட்டும் மாணவர் விலைக்கு அருகில் வந்துவிட்டது. ஆடியோ, சென்சார், பவர் சப்ளை இரைச்சல் ஆகியவற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு இது நிஜமான லாபம். மோட்டாரும் சர்வோவும் மட்டும் என்றால் 8 பிட்டே போதும்.

பைக்குத் தகுந்தபடி

விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. கீழே உள்ளவை உத்தேசமானவை.

ஆயிரம் ரூபாய்க்குள்: லாஜிக் அனலைசர். தீப்பெட்டி அளவில், 8 சேனலுடன், விநாடிக்கு 2.4 கோடி சாம்பிள் எடுக்கும் யு.எஸ்.பி. கருவி. ஆசிலாஸ்கோப் அல்ல. உண்டு, இல்லை என்ற இரண்டு நிலைகளை மட்டுமே காட்டும். மின்னழுத்தச் சரிவு இதில் தெரியாது. ஆனால் சென்சாரும் போர்டும் என்ன பேசிக்கொள்கின்றன என்பதை, சிக்ராக் என்ற இலவச மென்பொருளின் துணையோடு எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டும். மாணவரின் முதல் செலவு இதுவாக இருக்கலாம். 5 வோல்ட்டுக்கு மேல் இதில் கொடுக்கக் கூடாது.

மூவாயிரத்துக்குள்: டி.எஸ்.ஓ.138 போன்ற சால்டர் செய்து பூட்டும் கிட். ஒரே சேனல், 200 கிலோஹெர்ட்ஸ், 1,024 புள்ளி. சர்வோ துடிப்பையும் பி.டபிள்யூ.எம். அலையையும் பார்க்கலாம். சால்டரிங் பழகவும், ஆசிலாஸ்கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியவும் நல்லது. பள்ளி மாணவருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கலாம். ஓராண்டில் போதாது என்று தோன்றிவிடும்.

பத்தாயிரத்துக்குள்: கம்ப்யூட்டரோடு இணைக்கும் யு.எஸ்.பி. ஸ்கோப்புகளும், கையடக்க பேட்டரி ஸ்கோப்புகளும். ஹான்டெக் 6022பி.இ. முதல் வகை: இரண்டு சேனல், 20 மெகாஹெர்ட்ஸ், விநாடிக்கு 4.8 கோடி சாம்பிள். கையடக்கக் கருவிகளில் நல்லவையும் உண்டு. ஆனால் பெட்டி மேல் 100 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சடித்துவிட்டு உள்ளே அதில் பாதிகூட இல்லாதவையும் விற்பனையாகின்றன. இந்த விலையில் 100 என்று கண்டால் சந்தேகப்படுங்கள்.

இந்த வகையில் நம் நாட்டின் பங்களிப்பு ஒன்றும் உண்டு. புதுடில்லியில் உள்ள இன்டர்-யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரின் ஃபீனிக்ஸ் திட்டத்தில் உருவான எக்ஸ்ப்ஐஸ் கருவி. 16 வோல்ட் வரை இரு திசைகளிலும் அளக்கும் இரண்டு சேனல்கள், அலை உற்பத்தி, சென்சார் இணைப்பு எல்லாம் ஒரே பெட்டியில். வடிவமைப்பும் மென்பொருளும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்தவை. வேகம் குறைவு. ஒலி அலை, ஏ.சி., ஊசல், சுருள் என்று பிசிக்ஸ் கற்க ஏற்றது. வேகமான டிஜிட்டல் சிக்னல்களுக்கு அல்ல.

இருபது முதல் முப்பதாயிரம்: மேஜை மேல் வைக்கும் இரண்டு சேனல் கருவிகள். சிக்லென்ட், ஹான்டெக், ஓவோன், ரிகால் என்று பெரும்பாலும் சீனத் தயாரிப்புகள். லட்சக்கணக்கான புள்ளி மெமரி, சரியான ட்ரிக்கர், கையால் திருப்பும் குமிழ்கள். தனியாக வாங்கும் மாணவருக்கு நிதானமான முடிவு இதுதான்.

முப்பத்தைந்து முதல் ஐம்பதாயிரம்: நான்கு சேனல். ரிகால் டி.எஸ்.1054இசட், சிக்லென்ட் எஸ்.டி.எஸ்.1104எக்ஸ்-இ, மேலே சொன்ன 12 பிட் வரிசை ஆகியவை இந்த இனம். ஒரு கோடிக்கு மேல் புள்ளி மெமரி. எஸ்.பி.ஐ. இணைப்புக்கே நான்கு ஒயர் என்பதால் ரோபோவுக்கு நான்கு சேனல் நிச்சயம் வசதி. ஆனால் இது ஒருவர் வாங்க வேண்டிய கருவி அல்ல. எட்டுப் பேர் கொண்ட குழு சேர்ந்து வாங்கினால் ஆளுக்கு ஐந்தாறாயிரம். கருவி ஒருவருடைய அலமாரியில் தூங்காமல் தினமும் வேலை செய்யும்.

பழைய கருவிகளும் உண்டு. மும்பை லேமிங்டன் ரோடு, டில்லி லஜ்பத் ராய் மார்க்கெட், பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு, கொல்கத்தா சாந்தினி சௌக் போன்ற இடங்களில் தேடினால், லேபிலிருந்து கழிக்கப்பட்ட 20 அல்லது 30 மெகாஹெர்ட்ஸ் அனலாக் கருவிகள் அகப்படும். திரும்பத் திரும்ப வரும் அலைகளுக்கு இன்றும் நல்ல ஆசான். ஆனால் மெமரி கிடையாது. ஒரே ஒரு முறை நிகழும் மின்னழுத்தச் சரிவை நிறுத்திக் காட்டாது. ரோபோவுக்கு வேண்டியதே அதுதான். வாங்கினால் கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டு, கோடு மெல்லியதாக இருக்கிறதா, இரண்டு சேனலும் வேலை செய்கின்றனவா, குமிழைத் திருப்பும்போது கோடு துள்ளுகிறதா என்று பாருங்கள். மூடியைத் திறக்காதீர்கள். படக்குழாய்க்கு ஆயிரக்கணக்கான வோல்ட் போகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே தங்கியிருக்கும்.

கடையில் இதைச் செய்யுங்கள்

புதிய கருவியோ பழையதோ, முன்பக்கத்தில் ஒரு சிறு உலோகக் கொக்கி இருக்கும். அதில் பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை வருகிறது. ப்ரோப்பை 10எக்ஸ் நிலையில் வைத்து அதில் மாட்டுங்கள். சதுரத்தின் தலை தட்டையாக இல்லாமல் மூக்கு நீண்டோ மழுங்கியோ இருந்தால், ப்ரோப்பில் உள்ள சிறு ஸ்க்ரூவைத் திருப்பிச் சரி செய்ய வேண்டும். சரியே ஆகவில்லை என்றால் ப்ரோப் கோளாறு. 1எக்ஸ் நிலையில் சாதாரண ப்ரோப்பின் எல்லை ஆறேழு மெகாஹெர்ட்ஸ்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் கருவி வாங்கிவிட்டு 1எக்ஸில் வைத்துப் பார்ப்பவர்கள் ஏராளம்.

ஜி.எஸ்.டி. சேர்ந்த விலையா, ப்ரோப்கள் உள்ளடக்கமா, வாரன்டி இந்தியாவில் செல்லுமா, பழுதானால் எங்கே அனுப்ப வேண்டும்? நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டு இணையக் கடையில் இரண்டாயிரம் குறைவு என்று வாங்கினால், சுங்க வரியும் பழுது பார்க்கும் செலவும் உங்கள் தலையில்.

எர்த் பின்னை வெட்டாதீர்கள்

பணம் போனால் சம்பாதிக்கலாம். இது உயிர் விஷயம். மேஜை ஸ்கோப்பில், ப்ரோப்பின் கறுப்பு முதலைக் கிளிப் கருவியின் உலோக உடல் வழியாக நேரே வீட்டு எர்த்தில் இணைந்திருக்கிறது. அந்தக் கிளிப்பை 230 வோல்ட் லைனில் உள்ள எதிலாவது மாட்டினால் அது ஷார்ட் சர்க்யூட். கண் முன்னால் வெடிக்கும். இதைத் தவிர்க்கிறோம் என்று சிலர் பிளக்கின் மூன்றாவது பின்னை வெட்டிவிடுகிறார்கள். அப்போது ஷார்ட் ஆகாதுதான். ஆனால் கருவியின் உடலிலேயே 230 வோல்ட் வந்து உட்கார்ந்துகொள்ளும். தொடுபவர் வழியாக அது எர்த் தேடும். மின்விசிறி ரெகுலேட்டர், எல்.இ.டி. பல்பு, மொபைல் சார்ஜரின் உட்பகுதி ஆகியவற்றைச் சாதாரண ப்ரோப்பால் தொடவே வேண்டாம். அதற்கென்று டிஃபரென்ஷியல் ப்ரோப் தனியாக இருக்கிறது. வீட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து முதலில் பார்த்துவிடுங்கள். மூன்று துளை இருப்பதாலேயே எர்த் இருப்பதாகாது.

பேட்டரியில் ஓடும் ரோபோவில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் இன்னொரு கண்ணி இருக்கிறது. மோட்டார் டிரைவரிலிருந்து வரும் இரண்டு ஒயர்களில் எதுவுமே கிரவுண்ட் அல்ல. ஒன்றில் கறுப்புக் கிளிப்பை மாட்டி, அதே நேரம் போர்டு யு.எஸ்.பி. வழியாக எர்த் உள்ள கம்ப்யூட்டரோடு இணைந்திருந்தால், டிரைவர் புகைந்துவிடும். இரண்டு சேனல்களின் கிளிப்களும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை என்பதால், ஒன்றைக் கிரவுண்டிலும் மற்றதை மோட்டார் ஒயரிலும் மாட்டினாலும் அதே கதிதான். கிளிப்கள் இரண்டையும் பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மோட்டார் ஒயர் ஒவ்வொன்றிலும் ஒரு சேனலை வைத்து, மெனுவில் உள்ள கணக்குப் பகுதியில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கச் சொல்லுங்கள். குறைந்தது இரண்டு சேனலாவது வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டம் பத்தாயிரம் பள்ளிகளுக்குப் போயிருக்கிறது. அடுத்த ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 என்று 2025 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. கருவி வாங்கும் பொறுப்பு பெரும்பாலும் எலக்ட்ரானிக்ஸ் படிக்காத ஓர் ஆசிரியர் தலையில் விழுகிறது. அவர் செய்யக்கூடியது எளிது. ஒரு மோட்டார், ஒரு சர்வோ, ஓர் அல்ட்ராசானிக் சென்சார் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். மோட்டார் கிளம்பும்போது பேட்டரி சரிவதை ஒரே முறையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். சென்சாரின் துடிப்பையும் எதிரொலியையும் ஒரே படத்தில் கேளுங்கள். இரண்டையும் உங்கள் கண் முன்னால் செய்து காட்டும் கருவிகளில் எது விலை குறைவோ, அதை வாங்குங்கள். வாங்கியதைப் பூட்டி வைக்காதீர்கள்.